ஆறு வரை இந்தியா, ஏழிலிருந்து கிரேக்கம்: ரோமா மக்களின் கதை

ஐரோப்பாவில் 'ஜிப்சி' என்று பிறர் அழைக்கும் ரோமா மக்கள் எண்ணுவது போல ஒருமுறை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ஜ், ஷோவ். இந்தி படிக்காதவராக இருந்தாலும், ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது வடக்கத்திப் பேச்சு என்று பட்டுவிடும். அடுத்து வருவதுதான் திகைக்க வைக்கும்: எஃப்தா, ஓக்தோ, என்யா. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் அப்பட்டமான கிரேக்கம். பத்துக்கு வந்ததும் மறுபடி இந்தியச் சொல், தெஷ்.

ஒரு மக்கள் எங்கே பிறந்து எந்த வழியாகப் போனார்கள் என்பது அவர்கள் விரல் மடக்கி எண்ணும் எண்களிலேயே கிடக்கிறது. ரோமாக்களைப் பற்றிப் பழைய காலத்தில் எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது. மன்னரின் ஆணை, நாடுகடத்தும் உத்தரவு, அடிமைகளைத் தானம் செய்த பத்திரம், போலீஸ் கோப்பு. அவர்கள் தம் கைப்பட எழுதிவைத்த பழைய ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் கிடைத்திருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் முடிந்த வரை அவர்களுடைய சொற்களைப் பிடித்துக்கொண்டே போகப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். ஐரோப்பாவில் இன்று 1 கோடி முதல் 1.2 கோடி ரோமாக்கள் வாழ்கிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தக் கண்டத்தின் மிகப் பெரிய சிறுபான்மை இனம் அவர்கள்தான். 'ஜிப்சி' என்ற சொல் எகிப்தியர் என்பதன் சிதைவு. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் நம்பியதால் ஒட்டிய பெயர் அது. ஜெர்மானியரின் 'சிகொய்னர்', கிழக்கு ஐரோப்பியரின் 'சிகான்' எல்லாம் 'அட்சிங்கானோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. பல நாடுகளில் இவை இன்றும் வசைச்சொல்லாகவே காதில் விழுகின்றன. அவர்கள் தம்மை அழைத்துக்கொள்வது 'ரோம்' என்று. அவர்கள் மொழியில் அதற்கு ஆண், கணவன் என்று பொருள். பன்மையில் ரோமா. மொழியின் பெயர் ரோமானி. ரோமானியா நாட்டுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாட்டின் பெயர் ரோம் நகரத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் வாழும் ஒரு கிளையினர் தம்மை சிந்தி (Sinti) என்பார்கள், பிரான்ஸில் மனூஷ், ஸ்பெயினில் காலே. மனூஷ் என்றால் மனுஷன். காலே என்றால் கறுப்பர்.

தமிழ்நாட்டில் நரிக்குறவர்களை ஜிப்சி என்று எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் வடஇந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் இரண்டும் வேறு வேறு மக்கள், வேறு வேறு வரலாறு. இருவருக்கும் பொதுவாக இருப்பது, ஊரார் வைத்த பெயரைச் சுமந்துகொண்டு திரிய நேர்ந்த கதி.

இவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? இந்த இடத்தில் நம் தரங்கம்பாடி உள்ளே வருகிறது.

சீகன்பால்கு இறந்த அதே 1719-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியவர் பெஞ்சமின் ஷூல்ட்சே என்ற ஜெர்மானியப் பாதிரியார். தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் சீகன்பால்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர். பிறகு சென்னைக்குப் போய்ப் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே தெலுங்கும் கற்றார், சந்தையிலும் படை முகாமிலும் புழங்கிய இந்துஸ்தானியும் கற்றார். அவர் எழுதிய இந்துஸ்தானி இலக்கணம் 1745-ல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது.

அதே ஹாலே நகரில், முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து, யோஹான் ரூடிகர் என்ற அறிஞர் ஒரு ரோமா பெண்ணை உட்கார வைத்து, சில வாக்கியங்களைச் சொல்லி, உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவள் சொன்னதையும் ஷூல்ட்சேயின் புத்தகத்தில் இருந்த இந்துஸ்தானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொற்கள் மட்டும் ஒத்துப்போயிருந்தால் வியாபாரத்தில் ஒட்டியது என்று விட்டுவிடலாம். வேற்றுமை உருபுகள், பால் விகுதிகள், வினை திரியும் விதம் வரைக்கும் ஒத்துப்போயின. 1782-ல் ரோமானி ஓர் இந்திய மொழி என்று எழுதி வெளியிட்டார். சென்னைத் தெருவில் ஒரு பாதிரியார் காது கொடுத்துக் கேட்ட மொழிதான், ஐரோப்பாவின் ஒரு பெரிய புதிரைத் திறக்கும் சாவியாக ஆனது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேர் இவர்கள் யார் என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ரூடிகர் ஒரு ரோமா பெண்ணிடமே போய்க் கேட்டார்.

இதைவிடப் பரவலாகச் சொல்லப்படும் கதை வேறு. ஹங்கேரிய மாணவர் ஒருவர் ஹாலந்தின் லைடன் நகரில் மலபார் மாணவர்களைச் சந்தித்து ஆயிரம் சொற்களை எழுதிக்கொண்டு போக, ஊரில் இருந்த ரோமாக்கள் அத்தனைக்கும் பொருள் சொன்னார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்நாளில் ஐரோப்பியர் மலபார் மொழி என்றது தமிழையும் மலையாளத்தையும். ரோமானி அந்தக் குடும்பமே இல்லை. ஆய்வாளர்கள் இந்தக் கதையை நம்புவதில்லை, நானும்தான்.

சொற்கள் போட்ட தடம்

பானி தண்ணீர், நாக் மூக்கு, தாந்த் பல், லோன் உப்பு, காலோ கறுப்பு. இந்தி தெரிந்தவருக்கு இவற்றுக்கு அகராதி வேண்டாம். சகோதரனுக்கு ப்ரால். ஆங்கிலத்தில் நண்பனைப் 'பால்' (pal) என்கிறார்களே, அது இந்த ப்ராலிலிருந்து போனதுதான். வெள்ளிக்கு ரூப். நம் ரூபாயின் வேரும் வெள்ளிதான். எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. கிறிஸ்தவச் சிலுவைக்கு ரோமானியில் 'த்ருஷுல்', அதாவது திரிசூலம். பாதிரியாருக்கு 'ரஷாய்', அதாவது ரிஷி. புதிய ஊரில் புதிய மதத்தைப் பார்த்தவர்கள், கையில் இருந்த பழைய சொல்லை எடுத்து அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

எப்போது புறப்பட்டார்கள் என்பதற்கும் இலக்கணத்தில் துப்பு இருக்கிறது. சமஸ்கிருதத்தில் ஆண், பெண், அலி என மூன்று பால். வடஇந்திய மொழிகள் பலவற்றில் காலப்போக்கில் மூன்றாவது உதிர்ந்து இரண்டுதான் எஞ்சின. ரோமானியிலும் இரண்டுதான். ஆகவே அந்த மாற்றம் நடந்த பிறகே கிளம்பியிருக்க வேண்டும், முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் என்று மொழியியலாளர் கணிக்கிறார்கள். மரபணு ஆய்வுகள் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி, சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து என்கின்றன. மொழியின் அடித்தளம் நடு இந்தியாவைச் சேர்ந்தது. இந்தியில் 'தீன்' என்று மழுங்கிவிட்ட மூன்று, ரோமானியில் 'த்ரின்' என்று கூர்மையாகவே நிற்பது போன்ற தடயங்களை வைத்து, அவர்கள் வடமேற்கில் நெடுங்காலம் தங்கிப் பிறகே மேற்கே போனார்கள் என்று 1926-ல் மொழியியலாளர் ரால்ஃப் டர்னர் காட்டினார்.

அவர்கள் யாராக இருந்தார்கள்? 'ரோம்' என்ற சொல் 'டோம்' என்பதன் திரிபு. சிரியா பக்கம் வாழும் உறவினர் இன்றும் தம்மை டோம் என்கிறார்கள், ஆர்மேனியா பக்கம் லோம். இந்தியாவில் டோம் என்றால் பாடுவோரும் ஆடுவோரும் கூடை முடைவோருமான, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சாதி. பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பெரூனி தம் இந்தியக் குறிப்புகளில் டோம்கள் யாழ் மீட்டிப் பாடுவோர் என்று எழுதியிருக்கிறார். காசியில் சுடுகாட்டுத் தீயைக் காப்பவர்கள் இன்றும் டோம்கள். இதை ஏற்க விரும்பாத சிலர், ரோமாக்கள் ராஜபுத்திர வீரர்களின் வாரிசுகள் என்று சொல்வதுண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பாட்டுக்காரர்களாகவும் கைவினைஞர்களாகவும் கிளம்பியவர்களுக்கு வாளைக் கொடுத்தால்தான் மதிப்பு என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

பாரசீகம் வழியாகப் போனார்கள் என்பதற்கு வலிமைக்கு 'ஸோர்', அதிர்ஷ்டத்துக்கு 'பாஹ்த்' என்ற சொற்கள் சாட்சி. நாம் 'ஜோரா இருக்கு' என்கிறோமே, அந்த ஜோரும் இதே பாரசீகச் சொல்தான், நமக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. அடுத்து ஆர்மேனியா. குதிரைக்கு 'க்ராஸ்த்' என்ற சொல் அங்கே ஏறிக்கொண்டது.

பிறகு பைசாந்தியப் பேரரசு, அதாவது இன்றைய துருக்கியும் கிரீஸும். இங்கே மிக நீண்ட காலம் இருந்திருக்கிறார்கள், கிரேக்கம் மொழியின் எலும்பு வரை இறங்கியிருக்கிறது. எலும்புக்கே கிரேக்கச் சொல்தான், 'கோகாலோ'. பாதைக்கு 'த்ரோம்'. உலோகச் சொற்களைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இரும்புக்கு 'ஸாஸ்தெர்', அது நம் சஸ்திரம். பொன்னும் வெள்ளியும் இந்தியப் பெயர்கள். ஆனால் செம்பு, ஈயம், பட்டடைக்கல், குதிரை லாடம் எல்லாம் கிரேக்கம். ரோமா என்றாலே பலருக்குச் செம்புப் பானை அடிப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களில் ஒரு பெரிய பிரிவின் பெயரான கல்தெராஷ் என்பதற்கே கொப்பரை செய்வோர் என்றுதான் பொருள். அந்தத் தொழில் இந்தியாவிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போனதல்ல. பட்டறையின் பாதியாவது பைசாந்தியத்தில் கற்றது என்று இந்தச் சொற்கள் சொல்கின்றன.

பாரிஸ் வாசலில் ஒரு கூட்டம்

1400-களின் தொடக்கத்தில் அவர்கள் மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழைந்தார்கள். 1417-ல் வட ஜெர்மனி, 1422-ல் இத்தாலியின் பொலோனியா, 1425-ல் ஸ்பெயின். தாங்கள் 'சிறிய எகிப்தை'ச் சேர்ந்தவர்கள், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக யாத்திரை போகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். கையில் மன்னர்கள் தந்த பாதுகாப்புக் கடிதம் வைத்திருந்தார்கள். யாத்திரிகருக்குச் சோறும் இடமும் கொடுப்பது அந்நாள் ஐரோப்பாவில் கடமை. ஆகவே முதல் சில ஆண்டுகள் வரவேற்பு இருந்தது.

1427 ஆகஸ்டில் அவர்கள் பாரிஸுக்கு வந்ததை அந்நகரவாசி ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முதலில் குதிரையில் பன்னிரண்டு பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவர் தம்மைப் பிரபு என்றார். சில நாளில் நூற்றுச் சொச்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களை நகருக்குள் விடாமல் வெளியே லா ஷாப்பெல் என்ற இடத்தில் தங்க வைத்தார்கள். பாரிஸே திரண்டு வேடிக்கை பார்க்கப் போனது. காதில் வெள்ளி வளையம், கருகருவென்ற முடி. பெண்கள் கைரேகை பார்த்துச் சொன்னார்கள். பணப்பை காணாமல் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நாட்குறிப்புக்காரர் இந்த வதந்தியை எழுதிவிட்டு, தாம் மூன்று நான்கு முறை அங்கே போய்ப் பேசியதாகவும் ஒரு காசுகூடத் தொலைக்கவில்லை என்றும் சேர்த்து எழுதுகிறார். பாரிஸ் ஆயர் வந்து, கைரேகை காட்டியவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். செப்டம்பரில் அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று.

அறுநூறு ஆண்டுகளாக அந்த வதந்திதான் நின்றிருக்கிறது. அதே பக்கத்தில் அதே கையால் எழுதப்பட்ட மறுப்பை யாரும் சுமந்துகொண்டு போகவில்லை.

அதற்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1498-ல் ஜெர்மானியப் பேரரசின் சபை அவர்களை வெளியேறச் சொன்னது. 1499-ல் ஸ்பெயின், 1530-ல் இங்கிலாந்து. 1554-ல் இங்கிலாந்தில் தங்கியிருந்தாலே மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 1749 ஜூலை 30-ல் ஸ்பெயின் முழுக்க ஒரே நேரத்தில் படைகளை அனுப்பி, ஆண்களை ஒருபுறமும் பெண்களையும் குழந்தைகளையும் மறுபுறமுமாகப் பிரித்துச் சிறை வைத்தார்கள். சுமார் 9,000 பேர் பிடிபட்டார்கள் என்கிறார்கள். அவர்களில் பலர் ஊரில் வீடு கட்டி, தொழில் செய்து, வரி கட்டி வாழ்ந்தவர்கள். ஆஸ்திரியாவில் மரியா தெரேசா ராணி கொல்லவில்லை, 'நாகரிகப்படுத்தினார்'. மொழியைத் தடை செய்து, தமக்குள் மணம் முடிப்பதைத் தடை செய்து, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து மற்றவர் வீட்டில் வளர்க்கக் கொடுத்தார்.

நாடோடி வாழ்க்கை அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று சொல்வார்கள். எங்கே தங்கினாலும் குற்றம் என்று சட்டம் போட்டால் மனிதன் வேறென்ன செய்வான்? துரத்தாத இடங்களில், பால்கன் நாடுகளிலும் ஹங்கேரியிலும், பெரும்பாலானோர் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில்தான் இருந்திருக்கிறார்கள்.

இன்றைய ரோமானியாவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே துரத்தவில்லை, கட்டிப்போட்டார்கள். 1385-ல் வலாகியா நாட்டு இளவரசர் முதலாம் தான், திஸ்மானா மடத்துக்கு நாற்பது ரோமா குடும்பங்களைத் தானம் செய்தது ஆவணத்தில் இருக்கிறது. நிலம் எழுதிவைப்பது போலக் குடும்பங்களை எழுதிவைத்தார்கள். அங்கிருந்து 1850-கள் வரை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள், வலாகியாவிலும் மால்தாவியாவிலும் ரோமா என்றாலே அடிமை. அரசனுக்கு அடிமை, மடத்துக்கு அடிமை, நிலப்பிரபுவுக்கு அடிமை என்று மூன்று வகை. கொல்லர், தச்சர், சமையல்காரர், வாத்தியக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம், தாயை ஓரிடத்திலும் பிள்ளையை இன்னோரிடத்திலும் பிரிக்கலாம். பின்னாளில் அந்நாட்டின் முதன்மையான அரசியல்வாதியான மிகயில் கொகல்னிச்சானு 1891-ல் நினைவுகூர்ந்தார்: இளமையில் யாஷ் நகரத் தெருக்களில், கையிலும் காலிலும் சங்கிலியோடு, சிலர் நெற்றியிலும் கழுத்திலும் இரும்புப் பட்டை மாட்டப்பட்டு நடந்ததைத் தாம் பார்த்ததாக. மால்தாவியாவில் 1855-லும் வலாகியாவில் 1856-லும் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. நஷ்டஈடு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் உடைமையாளர்கள்.

நாமெல்லாம் அமெரிக்க அடிமைமுறையைப் பள்ளியில் படித்தோம். ஐரோப்பாவுக்குள்ளேயே ஐந்நூறு ஆண்டு நடந்ததைப் படித்த நினைவு எனக்கில்லை.

தலைத்துணி கட்டிய சிறுமி

நாஜிகள் ரோமாக்களையும் யூதர்களைப் போலவே இனத்தின் பெயரால் அழித்தார்கள். ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவரின் குழு ஊர் ஊராகப் போய்த் தலையை அளந்து, ரத்தம் எடுத்து, வம்சாவளி எழுதியது. அந்தப் பட்டியல்தான் பிறகு ரயிலேற்றும் பட்டியலாக உதவியது. 1942 டிசம்பர் 16-ல் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் ஆணையிட, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து சுமார் 23,000 பேரை ஆஷ்விட்ஸ்-பிர்க்கனாவில் இவர்களுக்கென்றே ஒதுக்கிய முகாமில் அடைத்தார்கள். பசியாலும் நோயாலும் அங்கேயே பெரும்பாலோர் மாண்டார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, மீதமிருந்த சுமார் 4,300 பேரை, முக்கால்வாசி பெண்கள், குழந்தைகள், முதியோரை, விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். போர்க்காலம் முழுவதுமாக ஐரோப்பாவில் கொல்லப்பட்ட ரோமா, சிந்தி மக்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ரோமாக்களில் பலர் இதைப் 'பொராய்மோஸ்' என்பார்கள், விழுங்கப்பட்டது என்று பொருள்.

ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு ரயில் பெட்டியின் கதவிடுக்கில், தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். 1944 மே 19-ல் ஹாலந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் எடுத்த படச்சுருளில் உள்ள காட்சி. ஐம்பது ஆண்டுகளாக உலகம் அவளைப் பெயர் தெரியாத யூதச் சிறுமி என்றே நினைத்திருந்தது. 1994-ல் டச்சுப் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். அவள் செட்டேலா ஸ்டைன்பாஹ், சிந்தி இனத்தவள், ஒன்பது வயது. முகாமில் தலையை மழித்திருந்ததால் துணியைக் கட்டியிருந்தாள். ஆஷ்விட்ஸிலிருந்து அவளும் திரும்பவில்லை, அவள் தாயும் திரும்பவில்லை. இவ்வளவு பேர் பார்த்த முகம், ஆனாலும் அவள் யார் என்று கேட்க ஐம்பது ஆண்டு ஆயிற்று.

போருக்குப் பிறகும் அப்படித்தான். 1956-ல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், 1940-ல் இவர்களை நாடுகடத்தியது இனவெறியால் அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்று தீர்ப்பளித்தது. நடந்தது இன அழிப்பு என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 1982-ல். பெர்லினில் நினைவிடம் திறந்தது 2012-ல். செக் நாட்டின் லெட்டியில், 300-க்கும் மேற்பட்ட ரோமாக்கள் இறந்த முகாம் இருந்த இடத்தில் 1970-களில் பன்றிப் பண்ணை கட்டினார்கள். அதை இடிக்க 2022 வரை ஆனது.

தங்கள் பெயரைத் தாங்களே சொல்வது 1971 ஏப்ரல் 8-ல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாட்டில் நடந்தது. ஜிப்சி வேண்டாம், ரோமா என்று தீர்மானித்தார்கள். வானத்துக்கு நீலம், மண்ணுக்குப் பச்சை, நடுவே சிவப்பில் ஒரு சக்கரம் என்று கொடியை ஏற்றார்கள். அந்தச் சக்கரத்துக்கு அசோகச் சக்கரத்தோடு உறவு உண்டு. இந்தியத் தூதரக அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஆர். ரிஷி அந்த மாநாட்டுக்குப் போயிருந்தார். பிறகு சண்டிகரில் ரோமா ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். இன்று ஏப்ரல் 8 உலக ரோமா நாள்.

அதனால் பாடு தீர்ந்துவிடவில்லை. செக் நாட்டின் ஆஸ்திராவா நகரில், ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான தனிப் பள்ளிகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 18 பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அவர்களைச் சோதித்த கேள்வித்தாள்கள் பெரும்பான்மைக் குழந்தைகளை மனதில் வைத்துத் தயாரித்தவை. வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை அதில் திணறினால், பிள்ளையை மந்தம் என்று எழுதினார்கள்.

வடக்கு மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேயில் ஷுத்தோ ஓரிஸாரி என்று ஒரு பகுதி இருக்கிறது. 1963 நிலநடுக்கத்தில் வீடிழந்த ரோமாக்கள் குடியேறி வளர்ந்த இடம். இன்று அது தனி நகராட்சி. அங்கே வாழ்வோரில் பெரும்பான்மையினர் ரோமாக்கள், மேயரும் ரோமா. மாசிடோனிய மொழியோடு ரோமானியும் அங்கே ஆட்சிமொழி. அந்த நகராட்சியில் குடிமக்கள் யேக், துய், த்ரின் என்று எண்ணும் மொழியிலேயே அரசிடம் பேசலாம்.